பொது அடுப்பும் சம்பளமில்லாத மேயரும்: ஜெர்மனியின் ஒரு சிற்றூர் எப்படி இயங்குகிறது?

கூட்டுறவு வரலாறு பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற மேயர் ஏழை விவசாயிகளுக்காகக் கடன் சங்கம் தொடங்கினார். வரியில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. சிக்கல் 'மேயர்' என்ற சொல்லில் இருக்கிறது. அதைக் கேட்டதும் அங்கியும் சங்கிலியும் அணிந்த மாநகராட்சித் தலைவர்தான் நம் மனதில் வந்து நிற்பார். ரைஃபைசன் முதலில் மேயராக இருந்த இடமோ வெஸ்டர்வால்ட் என்ற மேட்டுநிலத்தில் இருக்கும் வையர்புஷ். உருளைக்கிழங்கு அழுகிப்போன ஆண்டுகளில் பட்டினி கிடந்த ஊர் அது. இன்றும் அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் வாழ்கிறார்கள்.

அவ்வளவு சின்ன ஊருக்கு மேயர் எதற்கு? அங்கே 'ஊர்' என்றால் என்ன? அதை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது? இதையெல்லாம் புரிந்துகொண்டால் ரைஃபைசன் செய்ததும் தானாகப் புரியும். அதனால் வையர்புஷ்ஷையே உதாரணமாக வைத்துக்கொண்டு, அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

வீடுகள் வேறு, சங்கம் வேறு

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம், வீடுகள், அதில் குடியிருப்பவர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது, குடியிருப்போர் சங்கம். வங்கிக் கணக்கு அதன் பெயரில் இருக்கும். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அது. வழக்குப் போட்டாலும் அதன் மேல்தான் போடுவார்கள். குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் சங்கம் தொடரும்.

ஜெர்மன் மொழியில் வீடுகளும் வயல்களுமாகக் கண்ணுக்குத் தெரிகிற ஊருக்கு 'டோர்ஃப்' என்று பெயர். கிராமம் என்று சொல்லிவிடலாம். அந்தச் சங்கத்தைப் போன்ற சட்ட உருவத்துக்குப் பெயர் 'கெமைண்டே'. நிலம் வாங்கவும், வரி போடவும், கடன் எடுக்கவும், வழக்காடவும் உரிமை உள்ள, ஜெர்மன் அரசமைப்பின் அடிமட்ட அலகு அது. ஊராட்சி என்று மொழிபெயர்த்தால் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் நகரமும் அங்கே கெமைண்டேதான். மியூனிக்கும் ஒரு கெமைண்டே, வையர்புஷ்ஷும் ஒரு கெமைண்டே. அளவில் மட்டும்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

குழப்பம் இன்னொரு பக்கத்திலிருந்தும் வரும். தேவாலயத்துச் சபைக்கும் அதே சொல்தான். பழைய ஆவணத்தில் 'கெமைண்டே' என்று கண்டால், ஊர் நிர்வாகமா திருச்சபையா என்று முன்பின் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல நூற்றாண்டுகள் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் தேவாலயப் பதிவேட்டில்தான் ஏறின. ஒரு சொல்லை இரண்டு அமைப்புகள் பங்குபோட்டுக்கொண்டதில் வியப்பில்லை.

கெமைண்டேயின் அதிகாரம் மேலிருப்பவர்கள் பார்த்துக் கொடுத்த சலுகையும் அல்ல. 1949-இல் வந்த ஜெர்மன் அரசமைப்பின் 28-ஆம் பிரிவு, உள்ளூர்ச் சமூகத்தின் காரியங்களைச் சட்ட வரம்புக்குள் தன் பொறுப்பில் நடத்திக்கொள்ளும் உரிமையைக் கெமைண்டேக்கு உறுதி செய்கிறது. மாநில அரசு நினைத்தால் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கலாம். அதற்குச் சட்டம் வேண்டும், பொதுநலக் காரணம் வேண்டும். ஆனால் ஊராட்சி என்ற ஏற்பாட்டையே ஒழித்துக்கட்ட முடியாது.

சரி, இதுவரை சொன்னதன் சுருக்கம்: கண்ணுக்குத் தெரிகிற ஊர் டோர்ஃப், அதன் சட்ட உருவம் கெமைண்டே. ஒரே கெமைண்டேக்குள் பல டோர்ஃப்கள் இருக்கலாம்.

பத்துப் பேருக்கும் ஒரு கெமைண்டே

ஜெர்மனியில் இன்று ஏறத்தாழ 10,700 கெமைண்டேக்கள் இருக்கின்றன. அவை சமமாகப் பரவியிருக்கவில்லை. ஏறக்குறைய 1.8 கோடி மக்கள் வாழும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் வெறும் 396. பக்கத்து மாநிலமான ரைன்லாந்து-ஃபால்ஸில் மக்கள்தொகை 41 லட்சம்தான், கெமைண்டேக்களோ சுமார் 2,300. வையர்புஷ் இருப்பது இந்த இரண்டாவது மாநிலத்தில், அல்டன்கிர்ஷன் மாவட்டத்தில். இதே மாநிலத்தின் ஐஃபெல் மலைப்பகுதியில் டியர்ஃபெல்ட் என்ற கெமைண்டே இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் சுமார் பத்துப் பேர். ஒரு வேனில் ஊரையே ஏற்றிவிடலாம்.

ஏன் இப்படி? 1960-களின் கடைசியில் மேற்கு ஜெர்மனி முழுவதும் ஊர்களை இணைக்கும் பெரிய சீரமைப்பு நடந்தது. ஏறத்தாழ 24,000 கெமைண்டேக்கள் பத்தே ஆண்டுகளில் சுமார் 8,500 ஆகக் குறைந்தன. நவீன நிர்வாகத்துக்குத் தனி அலுவலகம், கணக்காளர், பொறியாளர் எல்லாம் வேண்டும், ஐந்நூறு பேர் உள்ள ஊரால் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா பல ஊர்களைச் சேர்த்து ஒரே பெரிய கெமைண்டே ஆக்கியது. பழைய ஊர்கள் பெயர்ப்பலகையில் மட்டும் மிஞ்சின. ரைன்லாந்து-ஃபால்ஸ் வேறு வழியில் போனது. ஊர் ஊராகவே இருக்கட்டும், அலுவலகம் மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்று முடிவு செய்தது.

யாருக்கு என்ன வேலை

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். இரண்டே சொற்கள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். தனி ஊருக்கு 'ஓர்ட்ஸ்கெமைண்டே'. பல ஊர்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் பொது நிர்வாகத்துக்கு 'ஃபெர்பாண்ட்ஸ்கெமைண்டே'. நாம் முறையே சிற்றூர், ஊர்க்கூட்டமைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான்கு சகோதரர்கள் தனித்தனி வீட்டில் வசித்தாலும், ஆழ்துளைக் கிணறும் கணக்குப்பிள்ளையும் பொதுவாக வைத்துக்கொள்வது மாதிரி. எந்த அறைக்கு என்ன வண்ணம் என்பதை அவரவர் முடிவு செய்வார்கள். மோட்டார் பழுதானால் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள்.

சிற்றூரின் கையில் இருப்பவை ஊர்த் தெருக்கள், விளையாட்டுத் திடல், சமுதாயக்கூடம், பெரும்பாலும் கல்லறைத் தோட்டம், பல ஊர்களில் மழலையர் பள்ளி. எந்த வயல் வீட்டுமனை ஆகலாம், அங்கே எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற மனைத்திட்டத்தை முடிவு செய்வதும் சிற்றூர்தான். என் கணக்கில் அதன் கையிலுள்ள மிகப் பெரிய ஆயுதம் இதுதான். ஊர் வளருமா தேயுமா என்பது பாதி இதிலேயே தீர்மானமாகிவிடும்.

ஊர்க்கூட்டமைப்பின் கையில் இருப்பவை தொடக்கப்பள்ளி, குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு. அலுவலகமும் அங்கேதான். முகவரி மாற்றப் பதிவிலிருந்து சிற்றூரின் கணக்கு வழக்கு வரை எல்லாவற்றையும் கூட்டமைப்பின் ஊழியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வையர்புஷ் சேர்ந்திருப்பது அல்டன்கிர்ஷன்-ஃப்ளாம்மர்ஸ்ஃபெல்ட் கூட்டமைப்பில். இரண்டு பழைய கூட்டமைப்புகள் 2020 ஜனவரி 1 அன்று இணைந்து உருவானது இது. ஆக, ஊர்களை இணைக்காமல் விட்ட மாநிலத்தில் இப்போது கூட்டமைப்புகள் இணைகின்றன. அதற்கு மேலே மாவட்டம், அதற்கு மேலே மாநிலம்.

மேயருக்குச் சம்பளம் கிடையாது

கூட்டமைப்பின் மேயர் எட்டு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் முழுநேர அலுவலர், சம்பளம் உண்டு. சிற்றூரின் மேயர் அப்படியல்ல. பகலில் தச்சராகவோ ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஊர் வேலை பார்ப்பவர் அவர். செலவுக்கு ஈடாக ஒரு சிறு தொகை கொடுப்பார்கள், அவ்வளவுதான். இப்படி ஊதியமின்றி ஏற்கும் பொதுப் பொறுப்புக்கு 'ஏரன்அம்ட்' என்று பெயர். நேராக மொழிபெயர்த்தால் 'மானப் பதவி' என்று வரும். மதிப்புதான் கூலி.

ஊர் மன்றம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலில் வருகிறது. இந்த மாநிலச் சட்டப்படி 300 பேர் வரை உள்ள ஊருக்கு 6 உறுப்பினர்கள், 500 வரை 8, 1,000 வரை 12, 2,500 வரை 16. மிகச் சின்ன ஊர்களில் கட்சிப் பட்டியலே இருக்காது. அப்போது வாக்குச்சீட்டில் வெற்று வரிகள்தான் இருக்கும். தகுதியுள்ள எந்த ஊர்க்காரர் பெயரையும் வாக்காளர் அதில் எழுதலாம். நிற்கவே இல்லாத ஒருவர் மறுநாள் காலையில் ஊர் மன்ற உறுப்பினராகியிருப்பார். பதவியை ஏற்க மாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு வழி உண்டு. மேயர் பதவிக்கு யாருமே மனு போடாவிட்டால் மன்றம் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அதற்கும் ஆள் கிடைக்காமல் பல மாதம் பதவி காலியாகக் கிடக்கும் ஊர்களும் உண்டு. பதவிக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது விநோதமாகத்தான் தெரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது

ஊர்ப் பணத்தில் பெரும்பகுதி மூன்று வாய்க்கால்களில் வருகிறது. நிலம், கட்டடம் மீதான வரி முதலாவது. ஊரில் தொழில் நடத்துபவர்களின் இலாபத்தின் மீதான தொழில் வரி இரண்டாவது. நாடு முழுவதும் வசூலாகும் வருமான வரியில் கெமைண்டேக்களுக்கு ஒதுக்கும் 15 சதவீதப் பங்கு மூன்றாவது.

முதல் இரண்டின் வீதத்தை ஊரே முடிவு செய்கிறது. ஓர் அடிப்படைத் தொகையைச் சட்டம் கணக்கிட்டுத் தரும். அதை எத்தனை மடங்காக வசூலிப்பது என்று ஊர் மன்றம் தீர்மானிக்கும். தொழில் வரிக்கு அடிப்படை, வரிக்குரிய இலாபத்தில் 3.5 சதவீதம். ஊர் மன்றம் அதை 400 சதவீதம், அதாவது நான்கு மடங்கு என்று வைத்தால், உண்மையான வரி 14 சதவீதம் ஆகும். குறைந்தபட்சம் இரண்டு மடங்கு வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நிறுவனங்களை இழுக்க ஊர்கள் வரியையே பூஜ்யமாக்கிவிடும்.

நாய் வரியும் உண்டு. வீட்டில் நாய் வளர்த்தால் ஊருக்கு ஆண்டுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், இரண்டாவது நாய்க்குப் பல ஊர்களில் கூடுதல். பெரிய வருமானம் இல்லை என்றாலும், மன்றக் கூட்டத்தில் சத்தம் உயரும் விஷயங்களில் இதற்கு ஓர் இடம் உண்டு.

வந்த பணம் அப்படியே ஊரில் தங்காது. கூட்டமைப்புக்கும் மாவட்டத்துக்கும் சிற்றூர்கள் பங்குத்தொகை கட்ட வேண்டும். நல்ல பகுதி அதில் போய்விடும். மிச்சத்தில் ஒரு தெருவைப் புதுப்பிக்கலாமா, சமுதாயக்கூடத்தின் கூரையை மாற்றலாமா என்ற கேள்விதான் ஆண்டு முழுக்க ஓடும்.

சுருக்கமாக: முடிவெடுப்பது சிற்றூர், அலுவலக வேலை கூட்டமைப்புடையது, தலைவருக்குச் சம்பளம் இல்லை, கையில் கொஞ்சம் சொந்தப் பணம். இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டு 1845-க்குப் போவோம்.

ரைஃபைசன் வந்தபோது

ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1818 மார்ச் 30 அன்று, அதே வட்டாரத்தில் ஸீக் நதிக்கரையில் உள்ள ஹாம் என்ற ஊரில் பிறந்தார். ராணுவத்தில் சேர்ந்து, கண்நோயால் 1843-இல் விலகினார். 1845-இல் வையர்புஷ்ஷின் மேயராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

'நியமிக்கப்பட்டார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாக்குப் போட்டு வந்தவர் அல்ல, அப்போது அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு அனுப்பிய அலுவலர். அவர் பொறுப்பில் வையர்புஷ் மட்டும் இல்லை, சுற்றியிருந்த சிற்றூர்கள் பலவும் இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் தனியாக ஊர்த்தலைவர் உண்டு. பல ஊர்களைச் சேர்த்து ஒரு மேயர் என்ற அந்த ஏற்பாடுதான் பிறகு பெயர் மாறி, 1968-இல் ஃபெர்பாண்ட்ஸ்கெமைண்டே ஆனது. ஆகவே ரைஃபைசனை இன்றைய கூட்டமைப்பு மேயரோடு ஒப்பிடுவதுதான் பொருத்தம். 'கிராமத் தலைவர்' என்றும் சொல்ல முடியாது, 'நகர மேயர்' என்றும் சொல்ல முடியாது.

அதே 1845-இல் ரைன் மாகாணத்துக்கு வந்த ஊராட்சிச் சட்டம் வாக்காளர்களை வரி கட்டும் அளவை வைத்து மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. மொத்த வரியில் முதல் மூன்றில் ஒரு பங்கைக் கட்டும் சில பணக்காரர்களுக்கும், கடைசிப் பங்கைக் கட்டும் பெருங்கூட்டத்துக்கும் மன்றத்தில் சம எண்ணிக்கை இடங்கள். வரியே கட்டாத ஏழைக்கும் பெண்களுக்கும் வாக்கே இல்லை. இந்த மூவகுப்பு முறை 1918 வரை நீடித்தது. கிராமத்துச் சமத்துவம் பற்றி உருகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பட்டினிக் குளிரும் பாக்கெஸும்

1845-இல் ஐரோப்பா முழுக்க உருளைக்கிழங்கில் அழுகல் நோய் பரவியது. மறு ஆண்டு 'ரை' என்ற ரொட்டித் தானியத்தின் விளைச்சலும் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் வெஸ்டர்வால்ட் பட்டினியில் விழுந்தது. அரசு மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கத்துக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. ரொக்கம் இருந்தால் பட்டினி ஏன்? ரைஃபைசன் மேலிட உத்தரவை மீறி, கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஏழைகளுக்கு மாவைக் கொடுத்தார். வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி ஒரு 'ரொட்டிச் சங்கம்' அமைத்தார். மொத்தமாகத் தானியம் வாங்கி, ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுட்டு, சந்தை விலையைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். பணத்தை அறுவடைக்குப் பிறகு தந்தால் போதும்.

அந்தப் பொது அடுப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த வட்டார வழக்கில் அதன் பெயர் 'பாக்கெஸ்'. கல்லால் கட்டிய சின்ன வீடு, உள்ளே பெரிய குகை அடுப்பு. வீட்டுக்கு வீடு அடுப்பு வைத்தால் விறகும் வீண், வைக்கோல் கூரையில் தீப்பிடிக்கும் அபாயமும் அதிகம். அதனால் அந்தப் பகுதிகளில் ஊருக்கு ஒரு பாக்கெஸ் என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டிலேயே பிசைந்த மாவைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் முறைவைத்து வந்து சுட்டுக்கொண்டு போகும். அடுப்பு ஊருடையது, மாவும் விறகும் அவரவருடையது. கெமைண்டே என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், அரசமைப்புப் பிரிவை எல்லாம் விட்டுவிட்டு இந்த அடுப்பைத்தான் காட்டுவேன்.

ஊர் மக்களின் பட்டினி ஒரு குளிர்காலத்தோடு முடிகிற விஷயமல்ல, விளைந்ததை விற்கப் போவதற்கே வழி இல்லை என்பதும் ரைஃபைசனுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் கட்டினார். மேட்டிலிருந்து ரைன் பள்ளத்தாக்குக்குச் சாலை போட முயற்சி எடுத்தார். அந்தத் தடம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

தருமம் எங்கே முடிகிறது, கூட்டுறவு எங்கே தொடங்குகிறது

ரொட்டிச் சங்கத்தை 'உலகின் முதல் கூட்டுறவு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. கூட்டுறவு என்றால், பயன் பெறுகிறவர்களே உறுப்பினர்கள், அவர்களே உரிமையாளர்கள். ரொட்டிச் சங்கத்தில் பணம் போட்டவர் ஒருவர், ரொட்டி வாங்கியவர் வேறொருவர். நல்ல காரியம்தான், ஆனால் அது தருமம்.

அடுத்த ஊரான ஃப்ளாம்மர்ஸ்ஃபெல்டிலும் இதே கதைதான். 1848-இல் அங்கே மாற்றலாகிப் போன ரைஃபைசன், 1849 டிசம்பரில் ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார். ஏறத்தாழ அறுபது வசதிக்காரர்கள் தங்கள் சொத்தையே ஈடாக நிறுத்திக் கடன் திரட்டினார்கள். அதில் மாடு வாங்கி, ஏழை விவசாயிக்குத் தவணையில் கொடுத்தார்கள். மாட்டுத் தரகர்களிடமும் வட்டிக்காரர்களிடமும் சிக்கியவர்களுக்கு அது பெரிய மூச்சு. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தரகர்களில் பலர் யூதர்கள். ரைஃபைசனின் எழுத்தில் யூத வெறுப்பு வாசகங்கள் உண்டு என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

1852-இல் ரைன் நதியோரம் உள்ள ஹெடெஸ்டோர்ஃபுக்கு மாற்றம். 1854-இல் அங்கே ஒரு தரும சங்கம். ஆதரவற்ற குழந்தைகள், சிறையிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரையும் அது கவனிக்கப் பார்த்தது. சில ஆண்டுகளில் கொடுப்பவர்களின் ஆர்வம் வற்றிவிட்டது. வேறு எங்கோ இருப்பவனின் கடனுக்கு என் வயலை ஏன் ஈடு வைக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தது இயல்பு. 1864-இல் ரைஃபைசன் அதைக் கலைத்துக் கடன் சங்கமாக மாற்றினார். கடன் வேண்டுமா, முதலில் உறுப்பினர் ஆகு. அந்த ஒரு விதியில்தான் தருமம் கூட்டுறவாக மாறியது.

அதன் உள் இயக்கம் மூன்று திருகாணிகளில் நிற்கிறது. முதலாவது, வரம்பில்லாப் பொறுப்பு: சங்கம் நொடித்தால் ஒவ்வோர் உறுப்பினரும் தன் முழுச் சொத்தோடும் பதில் சொல்ல வேண்டும். அப்படியென்றால் யாருக்குக் கடன் கொடுக்கிறோம் என்று எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். இரண்டாவது, சின்ன எல்லை: ஒரு திருச்சபை அல்லது ஓர் ஊர் அளவு. அதற்குள் யார் குடிப்பான், யார் மாட்டை ஒழுங்காகப் பார்ப்பான் என்று அடமானப் பத்திரம் இல்லாமலே தெரியும். மூன்றாவது, சம்பளமில்லா நிர்வாகம்: கணக்கு எழுதுபவருக்கு மட்டும் கூலி. இலாபத்தைப் பங்குபோடாமல் பொது இருப்பில் சேர்ப்பார்கள்.

இந்த மூன்றையும் மேலே சொன்ன கெமைண்டேயோடு வைத்துப் பாருங்கள். சின்ன எல்லை, ஒருவரை ஒருவர் அறிந்த ஆட்கள், சம்பளமில்லாத பொறுப்பு, பொதுச்சொத்து. ரைஃபைசன் வானத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவரவில்லை. ஊர் ஏற்கெனவே இயங்கிய அச்சில் ஒரு வங்கியை வார்த்தார். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் அவர் கதை வெறும் தியாகி கதையாகச் சுருங்கிவிடுகிறது.

பார்வை மங்கிய நிலையில் 1865-இல் அவர் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு கடன் சங்கங்கள் பற்றிய அவர் புத்தகம் வந்தது. மகள் அமாலியே அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் இருந்தார். 1888-இல் ரைஃபைசன் இறந்தார்.

அந்த அச்சு நம் ஊருக்கும் வந்தது. சென்னை மாகாண அரசு கேட்டுக்கொண்டதால் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பியக் கடன் அமைப்புகளை ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அறிக்கை கொடுத்தார். அதன் சாரத்தை இரண்டே சொல்லில் சொல்வார்கள்: 'ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்.' 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஊரகச் சங்கங்களுக்கு வரம்பில்லாப் பொறுப்பு என்ற விதி அதில் அப்படியே இருந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்தில் உள்ள திரூரில் ஒரு சங்கம் பதிவானது. இந்தியாவின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இடையில் ஒரு முறிவு

வையர்புஷ் போன்ற ஊர்களின் கதை அன்று முதல் இன்று வரை ஒரே கோடாக ஓடவில்லை. 1935 ஜனவரி 30 அன்று நாஜி அரசு கொண்டுவந்த ஊராட்சிச் சட்டம் தேர்தலை ஒழித்தது. மேயரை நியமிப்பதில் கட்சிக்கு இடம் வந்தது. மன்றம் வெறும் ஆலோசனைக் குழு ஆனது. ஊர்ச் சங்கங்களும் கட்சியின் பிடிக்குள் போயின. அல்டன்கிர்ஷனிலும் ஹாமிலும் இருந்த யூதச் சமூகங்கள் அழிக்கப்பட்டன. போருக்குப் பிறகு கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர் சுமார் 1.2 கோடிப் பேர். அவர்களில் பெருந்தொகையினர் குண்டுவீச்சில் தப்பிய கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். 'நம் ஊர்க்காரர்' யார் என்ற கேள்வி ஒரே ஆண்டில் மாறிப்போனது.

மாலை ஆறு மணிக்குப் பிறகு

சட்டம், வரி, மன்றம் எல்லாம் ஊரின் எலும்பு. சதை என்பது சங்கங்கள். ஜெர்மன் சொல் 'ஃபெரைன்'. ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து, விதிமுறை எழுதி, நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிய குழு. பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்கிறது சட்டம். மூன்று ஜெர்மானியர் சந்தித்தால் ஒரு ஃபெரைன் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை. நாடெங்கும் பதிவானவை ஏறத்தாழ 6 லட்சம்.

கால்பந்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, குறிபார்த்துச் சுடுவதற்கு ஒன்று, கிராமத்துப் பெண்களுக்கு ஒன்று என்று ஆயிரம் பேர் ஊரில் பத்துச் சங்கம் இருக்கும். ஒரே ஆள் மூன்றில் செயலாளர். இதில் தனித்து நிற்பது தன்னார்வத் தீயணைப்புப் படை. வாகனமும் நிலையமும் கூட்டமைப்புடையவை, ஆட்கள் ஊர்க்காரர்கள். கையடக்கக் கருவி அலறியதும் ரொட்டிக் கடைக்காரரும் மின்பணியாளரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். தொழில்முறைத் தீயணைப்புப் படை சுமார் நூறு பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஏறத்தாழ 10 லட்சம் தன்னார்வலர்களின் கையில். 'கிராமத்துப் பொழுதுபோக்கு' என்று யாராவது சொன்னால், தீப்பிடித்தால் வேறு யாரும் வரப்போவதில்லை என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

ஆண்டுச் சக்கரம் திருவிழாக்களால் சுழல்கிறது. ரைன் பகுதியில் நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள்: குழந்தைகள் காகித விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள், கடைசியில் பெரிய தீ மூட்டுவார்கள். பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு நிற்பது அதே தீயணைப்புப் படைதான். கோடையிலோ இலையுதிர்காலத்திலோ 'கிர்மெஸ்', அதாவது ஊர்த் தேவாலயத்தை அர்ப்பணித்த நாளை ஒட்டி வளர்ந்த திருவிழா. பெயரில் தேவாலயம் இருக்கிறது, நடப்பதில் பியரும் வாத்தியமும் ராட்டினமும்தான் அதிகம். மேசை போட, பியர் ஊற்ற, மறுநாள் கூட்ட ஆட்களைத் தருவது சங்கங்கள். அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளுக்குக் கால்பந்துச் சீருடை வரும்.

இப்போதைய கவலையும் அங்கேதான். பள்ளி மூடலாம், கடை மூடலாம், கார் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் பகலில் எல்லாரும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போய்விட்டால், பிற்பகல் இரண்டு மணிக்கு எரியும் வைக்கோல் கொட்டகைக்கு யார் வருவது?

வையர்புஷ்ஷில் பழைய மாதிரியிலேயே கட்டிய பாக்கெஸ் ஒன்று இன்றும் நிற்கிறது. இந்த அடுப்புகளுக்கு ஒரு பழைய நடைமுறை உண்டு. யார் எப்போது சுடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். முதல் சீட்டை யாரும் விரும்ப மாட்டார்கள். குளிர்ந்து கிடக்கும் கல்லைச் சூடேற்ற அவருக்குத்தான் அதிக விறகு செலவாகும், பின்னால் வருகிறவர்கள் அந்தச் சூட்டிலேயே சுட்டுக்கொண்டு போவார்கள். அடுத்த முறை சீட்டு மறுபடியும் குலுக்கப்படும்.